ஈம்: இங்கிலாந்தில் டார்பிஷயரின் பிளேக் கிராமத்தில் ஒரு நாள்

சிறுவாணி எழுதியது:

ஷெஃபீல்டிலிருந்து ஒரே நாளில் போய்வர நல்ல கிராமம் எது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பேக்வெல், காசல்டன், ஹாதர்சேஜ் என்று நிறையப் பேர் எழுதினீர்கள், நன்றி. கடைசியில் அப்பாவை அழைத்துக்கொண்டு நான் போனது ஈம் என்ற ஊருக்கு. போய்வந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் தனி இழையாகவே எழுதுகிறேன்.

ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தால் 'ஈயம்' என்று வரும். அப்பா பெயர்ப் பலகையைப் பார்த்து அப்படித்தான் படித்தார். ஊர்க்காரர்கள் சொல்வது 'ஈம்'. ஆனால் அப்பா படித்ததும் ஒரு விதத்தில் பொருந்துகிறது, ஏனென்றால் பல நூறு ஆண்டுகள் ஈயச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர் அது.

பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள், ஒரு நீண்ட மலை விளிம்பின் அடியில் இருக்கிறது. ஒரு பெரிய தெரு, அதிலிருந்து பிரியும் சில சந்துகள், கல் வீடுகள், நடுவில் புனித லாரன்ஸ் தேவாலயம். அவ்வளவுதான் ஊர். தேவாலய முற்றத்தில் எட்டாம் நூற்றாண்டுக் கற்சிலுவை ஒன்று நிற்கிறது. தெற்குச் சுவரில் 1775 என்று ஆண்டு பொறித்த சூரியக் கடிகாரம். அதில் உலகத்தின் தொலைதூர ஊர்ப் பெயர்களெல்லாம் செதுக்கியிருக்கிறார்கள்.

தேவாலயத்தை ஒட்டி மேற்கே போனால் வரிசையாகச் சில வீடுகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பலகை. அந்த வீட்டில் 1665, 1666-இல் யார் யார் பிளேக்கில் இறந்தார்கள், எந்தத் தேதியில் என்று எழுதியிருக்கிறது. ஊர் சொல்லும் கதை இது: லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்குத் துணிக்கட்டு வந்தது. ஈரமாக இருக்கிறதே என்று ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற உதவியாள் அதைப் பிரித்து நெருப்பருகே காயப் போட்டார். துணியில் தெள்ளுப்பூச்சி இருந்தது. 1665 செப்டம்பர் 7 அன்று அவரைப் புதைத்தார்கள். அடுத்த வீட்டுப் பலகையில் தார்ப் குடும்பம், ஒரே வீட்டில் ஒன்பது பேர்.

அப்பா ஒவ்வொரு பெயரையும் சத்தமாகப் படித்தார். தெருவில் போன ஒரு பெரியவர் நின்று கேட்டுவிட்டுத் தலையசைத்துப் போனார்.

1666 ஜூனில் ஊரே ஒரு முடிவுக்கு வந்தது. யாரும் எல்லையைத் தாண்டிப் போகக்கூடாது, வெளியாரும் உள்ளே வரக்கூடாது. தேவாலயத்துக்குள் கூடாமல், பக்கத்துப் பள்ளத்தாக்கில் திறந்த வெளியில் தள்ளித் தள்ளி நின்று வழிபட வேண்டும். இறந்தவர்களை அவரவர் குடும்பமே புதைத்துக்கொள்ள வேண்டும். கடைசி மரணம் 1666 நவம்பர் 1. பதினான்கு மாதத்தில் மொத்தம் 260 பேர்.

நாங்கள் கோவைக்காரர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையிலும் பிளேக் வந்தது, பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. அப்பாவின் பாட்டி வீட்டைப் பூட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு தோட்டத்துச் சாளையில் மாதக்கணக்கில் இருந்தாராம். அதைச் சொல்லிவிட்டு அப்பா கேட்டார்: "ஏம்மா, நம்மாளுங்க ஊரை விட்டு ஓடினாங்க, பொழைச்சாங்க. இவுங்க ஏன் ஓடாம இருந்தாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

பனங்காடு எழுதியது:

தங்கச்சி, வாசித்து முடிக்க நெஞ்சு கனத்துப் போனது. நான் லண்டனில் கன காலமாக இருக்கிறேன், இந்த ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி. நானும் மனைவியும் ஆகஸ்ட் கடைசியில் ஷெஃபீல்டில் மகள் வீட்டுக்கு வருகிறோம். கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன், மனைவிக்கு முழங்கால் வருத்தம். பேருந்தில் போகலாமா? மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா? எவ்வளவு தூரம் நடக்க வேண்டிவரும்?

சிறுவாணி எழுதியது:

போகலாம் அண்ணா. ஷெஃபீல்டிலிருந்து பக்ஸ்டன் பக்கம் போகும் பேருந்து ஈம் வழியாகப் போகிறது. ஆனால் நம் ஊர் டவுன் பஸ் மாதிரி அடுத்தடுத்து வராது, நாளைக்குச் சில நடைதான். திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன அன்று ஒரு நடை ரத்தாகிவிட்டது, முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிழற்குடையில் காத்திருந்தோம். கையில் ஒரு ஸ்வெட்டரும் பிஸ்கட் பொட்டலமும் இருக்கட்டும்.

ரயிலில் வந்தால் மான்செஸ்டர் போகும் ஹோப் பள்ளத்தாக்குப் பாதையில் கிரிண்டில்ஃபோர்டில் இறங்கலாம். அங்கிருந்து சுமார் 3 மைல், ஏற்றம். அக்காவுக்கு வேண்டாம்.

ஊருக்குள் மட்டும் பார்ப்பதென்றால் நடை குறைவுதான். சாப்பாட்டுக்குத் தேநீர்க் கடை இருக்கிறது: ஸ்கோன், சூப், சீஸ் சாண்ட்விச், தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு. அப்பா புளியோதரை கட்டிக்கொண்டுதான் வந்தார். ஊர்த்திடலில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எதிரே குற்றவாளிகளின் காலை மாட்டும் பழைய மரத்தொழுவும் ஈம் ஹால் மாளிகையும் தெரியும்.

அருங்காட்சியகத்தைத் தவற விடாதீர்கள். பழைய மெத்தடிஸ்ட் ஜெபக்கூடத்தில் 1994-இல் தொடங்கியது. கூரை மேல் காற்றுத்திசை காட்டியைப் பாருங்கள், சேவலுக்குப் பதில் எலி நிற்கும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், மற்ற நாட்களிலும் திறக்கும் கிழமையைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சிறுவாணி, அப்பாவின் கேள்வி நல்ல கேள்வி. என் பதில் கொஞ்சம் கசப்பாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஊரே ஒரு முடிவுக்கு வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். முடிவெடுத்தது முக்கியமாக இரண்டு பாதிரியார்கள். ஒருவர் வில்லியம் மாம்பசன், 1664-இல் வந்தவர், முப்பது வயதுகூட ஆகாதவர். இன்னொருவர் தாமஸ் ஸ்டான்லி, ஊர்க்காரர்கள் நம்பிய பழைய பாதிரியார். 1662-இல் அரசு கொண்டுவந்த வழிபாட்டுச் சட்டத்தை ஏற்க மறுத்ததால் பதவி இழந்தவர். மாம்பசன் சொன்னால் மட்டும் ஊர் கேட்டிருக்காது, ஸ்டான்லியும் கூடச் சேர்ந்து சொன்னதால்தான் கேட்டது. வேறு வேறு பக்கம் நின்ற இரண்டு பேர் ஒன்றாக நின்றது பெரிய விஷயம், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எல்லை மூடுவதற்கு முன்பே மாம்பசன் தன் இரண்டு பிள்ளைகளையும் யார்க்‌ஷயருக்கு அனுப்பிவிட்டார். வசதியுள்ள வேறு சிலரும் முன்னதாகவே வெளியேறினார்கள். மிஞ்சியவர்கள் பெரும்பாலும் சுரங்கத்திலும் நிலத்திலும் பிழைத்தவர்கள். ஓடினால் எங்கே போவார்கள்? பிளேக் ஊர்க்காரர் என்று தெரிந்தால் எந்த ஊர் அவர்களைச் சேர்த்திருக்கும்? அதனால் 'ஓடாமல் இருந்தார்கள்' என்பதற்கும் 'ஓட வழியில்லை' என்பதற்கும் நடுவில் ஏதோ ஓரிடத்தில்தான் உண்மை இருக்கிறது.

இன்னொன்று. தியாகக் கதை இன்றைய வடிவத்துக்கு வந்தது மிகவும் பின்னால். பேட்ரிக் வாலிஸ் என்ற வரலாற்றாசிரியர் 2006-இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஊரில் 350 பேர் இருந்தார்கள், 260 பேர் செத்தார்கள் என்று பழைய நூல்கள் சொல்லும். இப்போது வரிப் பதிவுகளை வைத்துப் பார்த்து, மக்கள்தொகை ஏறத்தாழ 700 இருக்கும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தாலும் மூன்றில் ஒருவருக்கு மேல்.

நடைவண்டி எழுதியது:

வரலாற்றை ஏட்டுச்சுவடி பார்த்துக்கொள்வார், நான் நடையைச் சொல்கிறேன். மான்செஸ்டரிலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை அந்தப் பக்கம் நடந்திருக்கிறேன். ஈமைத் தெருவோடு பார்த்துத் திரும்பினால் பாதிதான் பார்த்தது போல. மீதி வயல்களில் இருக்கிறது.

முதலில் ரைலி கல்லறைகள். ஊருக்குக் கிழக்கே அரை மைல், ஏற்றமான சாலை. வயல் நடுவில் வட்டமாக ஒரு கற்சுவர், உள்ளே ஏழு பேரின் கல்லறை. எலிசபெத் ஹான்காக் என்ற பெண், 1666 ஆகஸ்ட் 3 முதல் 10 வரை எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் இழுத்துப் போய்ப் புதைத்த இடம். அவருக்கு நோய் வரவில்லை. பிறகு ஷெஃபீல்டில் தொழில் பழகிக்கொண்டிருந்த மகனிடம் போய்விட்டார். இப்போது அந்த இடத்தைப் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது. நான் போனபோது சுவருக்கு வெளியே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கீழே டெர்வென்ட் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. இவ்வளவு அழகான இடத்தில் இப்படி ஒரு வாரம் நடந்திருக்கிறது என்பதை ஏற்க எனக்கு நேரம் பிடித்தது.

அடுத்தது எல்லைக்கல். ஊர்ச் சதுக்கத்திலிருந்து லிட்கேட் தெரு வழியே இறங்கினால் ஸ்டோனி மிடில்டன் கிராமத்துக்கு வயல் வழியே பாதை போகிறது. பாதி வழியில் ஒரு பெரிய பாறை, மேலே ஆறு குழிகள். ஈம்காரர்கள் குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். வினிகர் நோயைக் கழுவிவிடும் என்ற நம்பிக்கை. மிடில்டன்காரர்கள் வந்து காசை எடுத்துக்கொண்டு உணவை வைத்துவிட்டுப் போவார்கள். ஊருக்கு வடக்கே மலை மேல் மாம்பசன் கிணறு என்று ஓர் ஊற்று இருக்கிறது, அங்கேயும் இதே ஏற்பாடு. சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷயர் பிரபுவும் உணவுக்கும் மருந்துக்கும் ஏற்பாடு செய்தார். ஏட்டுச்சுவடி, இந்த ஊர் தாக்குப்பிடித்தது உள்ளே இருந்தவர்களால் மட்டும் இல்லை. சுற்றியிருந்த ஊர்கள் பயந்துகொண்டேயாவது சோறு கொண்டுவந்து வைத்தன. அதையும் கணக்கில் சேருங்கள்.

நடப்பவர்கள் கவனிக்க: ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடங்களில் 24ஆம் எண், 'வெள்ளை பீக்' என்ற தாளை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மலைகளில் கைப்பேசியை மட்டும் நம்பிப் போக வேண்டாம். பாதை விவசாயியின் வயலுக்குள்ளேயே போகும், பயப்படாதீர்கள், பொதுவழி என்பது சட்டப்படி நமக்குள்ள உரிமை. மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடைபாதை. படல் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போக வேண்டும். சில இடங்களில் படலே கிடையாது, கற்சுவரில் ஓர் ஒடுக்கமான சந்து மட்டும். ஆள் பக்கவாட்டில் நுழையலாம், மாடு நுழையாது. முழங்கால் வலி உள்ளவருக்கு ஏணிப்படியை விட இது சுலபம். கன்றோடு நிற்கும் பசுவுக்குக் கிட்டே மட்டும் போகாதீர்கள்.

சுவர்களையும் கொஞ்சம் பாருங்கள். காரை, சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கல் மேல் கல் அடுக்கியது. ஈம் இரண்டு பாறை சந்திக்கும் இடம். தெற்கே வெளிறிய சுண்ணாம்புக்கல், வடக்கே மலை விளிம்பில் கரிய மணற்கல். நடக்க நடக்கச் சுவரின் நிறம் மாறும். ஈயம் கிடைத்ததும் இந்தச் சுண்ணாம்புக்கல் பிளவுகளில்தான்.

சிறுவாணி எழுதியது:

நடைவண்டி அண்ணா, எல்லைக்கல்லைப் பார்க்காமல் வந்துவிட்டோம். அடுத்த மாதம் அப்பாவோடு மறுபடியும் போகிறேன்.

ஏட்டுச்சுவடி, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பிள்ளைகளை அனுப்பிய விஷயத்தில் அவர் மாம்பசன் பக்கம். "பெத்தவன் வேற என்ன செய்வான்?" என்றார். ஆனால் கேதரின் மாம்பசனைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே? பாதிரியாரின் மனைவி. கணவரோடு அங்கேயே இருந்து, நோயாளிகள் வீட்டுக்குப் போய்வந்து, 1666 ஆகஸ்ட் 25 அன்று இறந்துபோனார். வயது இருபத்தேழு. கல்லறை தேவாலய முற்றத்தில், அந்தச் சிலுவைக்கு அருகிலேயே இருக்கிறது. போக இடம் இருந்தும் போகாதவர் அவர். 'ஓட வழியில்லை' என்பது அவருக்குப் பொருந்தாது.

வெண்சங்கு எழுதியது:

நான் செவிலியர், தொற்றுநோய்ப் பிரிவில் வேலை. ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஈம் தேவாலயப் பதிவேட்டில் இறந்தவர்களின் பெயரும் தேதியும் இருப்பதால் ஆய்வாளர்கள் அதை மிகவும் மதிக்கிறார்கள். 2016-இல் வந்த ஓர் ஆய்வு அந்தத் தேதிகளை வைத்துக் கணக்குப் போட்டது. தொற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது என்றும், எலி வழியாக வந்தது நான்கில் ஒரு பங்குதான் என்றும் சொன்னது. ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம். எட்டு நாளில் ஏழு பேர் போனது அதனால்தான்.

கிருமி என்ற சொல்லே தெரியாத காலத்தில் அவர்கள் செய்ததைப் பாருங்கள். கூட்டத்தைத் திறந்த வெளிக்கு மாற்றினார்கள். ஊரடங்கு. காசை வினிகரில் போட்டார்கள். எல்லைக்குள்ளேயே வீடு வீடாகப் பிரிந்து வயல்வெளியில் குடிசை போட்டிருந்தால் இன்னும் பலர் பிழைத்திருப்பார்கள், கோவைப் பாட்டி செய்தது மாதிரி. அது அவர்களுக்குத் தெரியாமல் போனது.

2020-இல் என் அம்மா ஊரில் இறந்தபோது நான் இங்கே வார்டில் இருந்தேன், போக முடியவில்லை. அடுத்த ஆண்டு ஈமுக்குப் போனேன். சாவைத் தங்கள் வீட்டுக் கொல்லையிலேயே, பாதிரியாரும் மணியோசையும் இல்லாமல் முடிக்க வேண்டியிருந்தவர்களின் ஊர் அது. ரைலி கல்லறைகளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறெங்கும் அழாத அழுகையை அங்கே அழுதேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வெண்சங்கு அக்கா, உங்கள் அம்மாவுக்கு என் அஞ்சலி.

சிறுவாணி, கேதரின் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அவரை விட்டுவிட்டது என் தவறு. போக இடமிருந்தும் தங்கியவர்கள் இருந்தார்கள். என் வாதத்தை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன். இடமில்லாமல் தங்கியவர்களையும் அதே மரியாதையோடு சொல்ல வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. தேவாலயத்தில் பாதிரியாரின் நாற்காலி இருக்கிறது, சுரங்கக்காரருக்கு வாசல் பலகை மட்டும்தான். அந்த வகையில் அப்பா பெயர்களை வாசித்தது எனக்கு மிகவும் பிடித்தது.

பெயர் பற்றி ஒரு சின்ன விஷயம். 'ஈமம்' என்றால் பழந்தமிழில் சுடுகாடு, ஈமத்தாழி என்று சொல்வோமே. ஈயம், ஈமம் இரண்டும் தற்செயல்தான். ஆனாலும் தமிழ்க் காதில் விழும்போது மனது நின்று கேட்கிறது.

மருதம் எழுதியது:

எட்டு வயதும் பத்து வயதும் உள்ள பிள்ளைகளோடு போகலாமா? பயப்படுவார்களா?

சிறுவாணி எழுதியது:

தாராளமாக. இங்கே ஷெஃபீல்டில் பள்ளிகளே கூட்டிக்கொண்டு போகின்றன. அருங்காட்சியகத்தில் நோயாளி உருவங்கள் கொஞ்சம் தத்ரூபமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லைக்கல் குழிகள் அவர்களுக்குப் பிடிக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்க்கிறவர்களைக் கண்ணால் கண்டேன், 'பேய் ஊர்' என்று வீடியோ எடுக்கிறவர்களையும். பலகையைத் தெருவில் நின்றே படிக்கலாம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

நேரம் இருந்தால் பேக்வெல்லுக்கும் ஒரு எட்டு போய் அந்த ஊர்ப் பெயரிலேயே உள்ள புட்டிங் இனிப்பை வாங்கிக் கொடுங்கள். அருகே மான்சல் டிரெயில் என்று, 1968-இல் மூடிய ரயில் பாதையை நடைபாதையாக்கியிருக்கிறார்கள். 2011-இல் சுரங்கப் பாதைகளையும் திறந்துவிட்டார்கள். சமதளம், சைக்கிள் ஓட்டலாம்.

பனங்காடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போய்வந்துவிட்டோம். தங்கச்சி, தம்பிமார், உங்கள் எல்லாருக்கும் பெரிய உபகாரம்.

நாங்கள் போனது ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. பிளேக் ஞாயிறு என்று ஒவ்வொரு ஆண்டும் அன்று நினைவு வழிபாடு நடத்துகிறார்கள். தேவாலயத்திலிருந்து அந்தப் பள்ளத்தாக்குக்கு ஊர்வலமாகப் போனார்கள். மனைவியால் அவ்வளவு தூரம் இறங்க ஏலாது என்று நாங்கள் ஊரிலேயே நின்றோம். ஊற்றுகளுக்கு அலங்காரம் செய்திருந்தார்கள். மரப்பலகையில் ஈரக் களிமண் பூசி, அதன்மேல் பூவிதழ், இலை, விதை எல்லாம் ஒவ்வொன்றாக அழுத்திப் படம் ஆக்குகிறார்கள். சில நாளில் காய்ந்து போய்விடுமாம். மனைவி கோலம் போடுகிற ஆள், அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றா. அதைச் செய்த ஒரு அம்மா வந்து எந்த இதழ் எந்தப் பூ என்று விரல் வைத்துக் காட்டினா.

எல்லைக்கல்லுக்கு மெல்ல மெல்ல நடந்து போனோம். நடைவண்டி தம்பி சொன்ன கற்சுவர்ச் சந்தில் மனைவி பக்கவாட்டில் வந்து வென்றுவிட்டா. கல்லில் குழிகள் நிறைய மழைத்தண்ணீர், அடியில் யாரோ போட்ட சில்லறைகள். எங்கள் ஊரிலும் ஒரு காலம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சாமான் என்று நின்றிருக்கிறோம். மனைவி அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. கைப்பையைத் துழாவி 20 பென்ஸ் எடுத்து ஒரு குழிக்குள் வைத்தா. பிறகு கொஞ்ச நேரம் ஸ்டோனி மிடில்டன் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றா.

கீழே இறங்குகிற பாதை செங்குத்தாக இருந்தது, வந்த வழியே திரும்பினோம். பேருந்து பத்து நிமிடம் பிந்தி வந்தது. சிறுவாணி தங்கச்சி, உங்கள் அப்பா ஊருக்குத் திரும்ப முன்னம் அந்தக் கல்லைக் காட்டிவிடுங்கோ.